கோடு விழுந்த கண்ணாடி

ஓடுகிறோம். கலாவின் மணிக்கட்டு என் கையில். அவள் வளையல் உடைந்து என் உள்ளங்கையில் குத்துகிறது. விடவில்லை. பின்னால் இரண்டாவது குண்டு. முதல் குண்டு டொம் என்றது. இது வேறு. தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சடார். அதற்குப் பிறகு என் இடது காதில் ஒன்றுமில்லை. ஒரு கொசு மட்டும். இன்றைக்கும் அந்தக் கொசு போகவில்லை.

"உள்ள போ! ஷட்டர போடு!" யாரோ கத்துகிறார்கள். வலது காதில் கேட்கிறது.

மெடிக்கல் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். நாங்கள் இரண்டு பேர் நுழைந்தோம். சுவர் என் தோளைச் சீவியது. கலா திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை சொல்கிறாள். அவர் வெளியே நிற்கிறார், அவர் வெளியே நிற்கிறார். நான் இழுக்கிறேன். அவர் நிற்கவில்லை. விழுந்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பின்னால் ஒரு குரல். "ஜெராக்ஸு எங்கடா? ஜெராக்ஸு!"

அது நான். என்னைத்தான் தேடுகிறார்கள்.

ஆடி மாதம், மூன்றாவது வெள்ளி. மாலை ஐந்து இருபத்திரண்டு. என் மெஷின் திரையில் அந்த மணிதான் இருந்தது.

நான் செல்வி. அனகாபுத்தூரில் ஆற்றுக்குப் போகும் தெருவில் ஜெராக்ஸ் கடை. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். டைப் அடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. மனு எழுதவும் சொல்லித் தரவில்லை. அடுத்தவர் மனுவை அடித்து அடித்து நானே கற்றுக்கொண்டேன். வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் தெரு ஜனம் பேசியதை எழுதி வைப்பேன். அது என் வியாதி. ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. பூக்கார லட்சுமி சொன்னது: "எல்லாரும் பூவ மோந்து பாத்து வாங்கறாங்க, என்னிய யாரும் பாக்கறதில்ல." மெடிக்கல் தணிகாசலம் அண்ணன் சொன்னது: "தலவலிக்குத்தான் மாத்திரை வெச்சிருக்கேன், தலக்கனத்துக்கு இல்ல." அவர் சொன்னவை மட்டும் பதினெட்டுத் தாள். இனி பத்தொன்பது ஆகாது.

தணிகாசலம் கலாவின் கணவர். என் கடைக்கு நேர் எதிரே அவர் கடை. வலி மாத்திரை என்று ஒரு வகை உண்டு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு, புற்றுநோய்க்காரர்களுக்கு எழுதுவது. அதைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். சீட்டு இல்லாமல் அவர் கொடுக்க மாட்டார். பொய்ச் சீட்டோடு வந்தாலும் கண்டுபிடிப்பார். டாக்டர் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்காதுப்பா என்று சிரித்தே அனுப்புவார். அவர் கொடுக்காததால் சரக்கு வேறு வழியில் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு பழைய தோல் ஷெட். அங்கே அட்டைப்பெட்டியில் இறங்கியது. காலையில் ஷெட் பக்கம் போனால் செருப்பில் ஊசி குத்தும். பட்டப்பகலில் கத்தியோடு இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டன. எந்த மூலை யாருக்கு என்று சண்டை. எங்கள் தெரு அவர்களுக்கு ஒரு மூலை.

தணிகாசலம் அண்ணன் மனு எழுதச் சொன்னார். நான் எழுதினேன். ஷெட் எங்கே, எந்த நேரம் வண்டி வருகிறது, எல்லாம். நேரம் லட்சுமி சொன்னது. நாற்பத்தொரு பேர் கையெழுத்து. முதல் பெயர் அவருடையது. "என் பேனாதான் புதுசு, நானே ஆரம்பிக்கிறேன்" என்றார். இரண்டாவது நான். மூன்றாவது லட்சுமி. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை வரவில்லை. வெள்ளி வந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு போகும்போது கடை ஷட்டரைப் பாதி இறக்குவோம். முழுக்க மூட மாட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்து நிற்போம். பாடை தாண்டியதும் தண்ணீர் தெளித்து ஏற்றுவோம். அன்று பின்தெருவில் ஒரு மோட்டார் மெக்கானிக் பெரியவர் இறந்திருந்தார். ஐந்தரைக்கு எடுக்கிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரியும். மேளம் மதியத்திலிருந்து கேட்கிறது. நடுநடுவே வெடி.

ஐந்து இருபத்திரண்டு. தெருமுனையில் டொம்.

எட்டு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டாங்களே என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். கடகடகடவென்று ஒன்பது ஷட்டர் இறங்கியது. நானும் இறக்கினேன். தெருவைத் தாண்டிப் போய்க் கலா பக்கத்தில் நின்றேன். தணிகாசலம் அண்ணன் குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே வந்தார். செருப்பைக் கழற்றினார். ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். கை கட்டி நின்றார். வருகிற சாவுக்கு மரியாதை.

மூன்று வண்டி. ஆறு பேர். மேளம் இல்லை. பூ இல்லை. இது சாவு இல்லையே என்று என் புத்திக்கு எட்ட நாலு விநாடி ஆனது. அவருக்கு அந்த நாலு விநாடி கிடைக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் முதலில் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை. மடிப்புக் கலையவில்லை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். கலா இதைப் படிப்பாள்.

பிறகு அவன் என் கடைப் பக்கம் திரும்பினான். உள்ளே இருக்கிறேன் என்று நினைத்தான். பாதி இறங்கிய ஷட்டரை நோக்கி எறிந்தார்கள். குண்டு தகரத்தில் பட்டு வெளியிலேயே வெடித்தது. கீழே லட்சுமி பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஆணியும் கண்ணாடித் துண்டும். அவள் வலது கண் போனது. என் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து இருபத்தாறு. வண்டிச் சத்தம் போய்விட்டது. மெக்கானிக் பெரியவரின் மேளம் இன்னும் கேட்கிறது. அவரை ஆறரைக்குத்தான் எடுத்தார்கள். வேறு தெரு வழியாக.

மூன்றாம் நாள் கேளம்பாக்கம் பக்கம் கட்டி முடியாத ஒரு அடுக்குமாடியில் வெள்ளைச் சட்டையைப் பிடித்தார்கள். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். நாலாக மடித்தது. வியர்வை பட்டு மடிப்பு மஞ்சளாகி இருந்தது.

"இது என்னன்னு தெரியுதாம்மா?"

பெயர்களைப் படிக்கவில்லை. அதற்கு முன்னால் கோட்டைப் பார்த்துவிட்டேன்.

என் மெஷின் கண்ணாடியில் ஒரு கீறல். யாரோ ஒரு புண்ணியவான் பின்னை எடுக்காமல் தாளை வைத்து இழுத்தார். அதிலிருந்து நான் எடுக்கும் எல்லாக் காப்பியிலும் இடது ஓரம் ஒரு மெல்லிய கோடு. கொஞ்சம் சாய்ந்து, அடியில் தூண்டில் முள் மாதிரி வளையும். அந்தக் கோடு இந்தத் தாளில் இருந்தது. முதல் பெயரில் பேனாவால் ஒரு டிக். இரண்டாவதில் ஒரு டிக். மூன்றாவதில் டிக். அதற்குக் கீழே இல்லை.

அப்போதுதான் புதன்கிழமை என் தலையில் விழுந்தது.

புதன். காலை பதினொன்று பத்து. தணிகாசலம் அண்ணன் மனுவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனார். ஒரிஜினலை மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டார். ஜெராக்ஸ் கடைக்கு வருகிற நூறு பேரில் பத்துப் பேர் செய்கிற வேலை. காப்பி கையில் வந்ததும் ஒரிஜினல் மறந்துவிடும். நான் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குத் தாள் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை வந்தான். வயது முப்பது இருக்கும். கையில் ஒரு ஜாமீன் உத்தரவு. அவன் மூடியைத் தூக்கினான். ஒரு நிமிஷம் நின்றான். மூடினான்.

"ரெண்டு போடுக்கா."

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கவில்லை.

பார்க்க மாட்டேன். அது என் தொழில் நேர்மை. விவாகரத்து நோட்டீஸ் வரும். கருக்கலைப்புச் சீட்டு வரும். சொத்துப் பத்திரம் வரும். செல்வி கடையில் வைத்தால் செல்வி படிக்க மாட்டாள் என்று பம்மல் வரைக்கும் பெயர். அதற்காகவே தூரத்திலிருந்து வருவார்கள். அந்தப் பெயர் மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

இரண்டு தாள் விழுந்தது. க்ரிச், க்ரிச். அவனே எடுத்து மடித்தான். அப்புறம் தன் ஜாமீன் தாளை வைத்தான், முன்னே கிடந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு. அதற்கு ஒரு காப்பி. கிளம்பும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"சாப்ட்டியாக்கா?"

"சாப்ட்டேம்பா" என்றேன். நல்ல பிள்ளை என்று வேறு நினைத்தேன்.

மதியம் மெஷின் மேல் கிடந்த மனுவைப் பார்த்துத் தணிகாசலம் அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஞாபக மறதிக்கு மாத்திரை இருந்தால் முதலில் நீங்கள் போடுங்கள் என்றேன். அதை நானே என் பெட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்கவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை.

ஆக, அந்தப் பட்டியலை அவன் கையில் கொடுத்தது நான். என் விரல். என் பொத்தான்.

கலாவிடம் காரியத்தன்று சொன்னேன். பிறர் சொல்லி அவள் கேட்கக் கூடாது. பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.  அவள் அழவில்லை. அப்புறம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"சாப்ட்டியான்னு கேட்டானா?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்ட்டேன்னு."

"இனிமே கேட்டா அப்படிச் சொல்லாதீங்கக்கா."

அவ்வளவுதான் அவள் என்னிடம் கேட்டது. அதற்காகவே உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகை. ஆனால் ரொம்ப மிகை இல்லை.

மெஷினைக் கோர்ட்டில் பதிவு செய்தார்கள். அது இல்லாமல் எனக்குச் சோறு இல்லை. எப்போது கேட்டாலும் இப்படியே ஒப்படைக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா ஒன்று மட்டும் சொன்னார். கண்ணாடியை மாற்றக் கூடாது. தூசு தட்டலாம், கீறல் அப்படியே இருக்க வேண்டும். அந்தத் தாள் என் கடையில் எடுத்தது, அவன்தான் எடுத்தான், திட்டம் போட்டுத்தான் வந்தார்கள் என்பதற்கு அந்தக் கீறல்தான் சாட்சி. கண்ணாடி உடைந்தால் வெறும் அடிதடியில் நடந்த சாவு என்று வாதாடுவார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. அந்தக் கண்ணாடி.

பத்து நாளில் ஒருவன் வந்தான். டூல்ஸ் பை. கம்பெனியிலிருந்து வருகிறேன், கண்ணாடி இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றான். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். மெஷின் மேல் எழுதியிருப்பதை எட்டிப் படித்துவிட்டுச் சொன்னான். டீக்கடை மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் கரண்டியோடு வந்தார். பையை விட்டுவிட்டு ஓடினான். அந்தப் பையில் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, சுத்தியல் மூன்று. சர்வீஸ்காரனுக்கு எதற்கு மூன்று சுத்தியல்?

அடுத்தது ஒரு பெரிய மனிதர். பேன்ட், கூலிங்கிளாஸ், நெற்றியில் விபூதி. சமாதானம் பேச வந்தார். கலர் மெஷினே இறக்கித் தருகிறோம், இந்தப் பழையதை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார். போனவர் போய்விட்டார், இருக்கிறவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாமா என்றார். எனக்கு நிம்மதி வேண்டாம் என்றேன். வேறு என்ன வேண்டும் என்றார். அவன் வேண்டும் என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் செங்கல் வந்தது. மூன்று மணி நாற்பது. ஆள் இருக்கும்போதே. மின்விசிறியில் பட்டுக் கீழே விழுந்தது. மெஷினுக்கு ஒரு கை தூரம்.

மூடி மேல் பலகை போட்டேன். பலகை மேல் மெத்தை. மெத்தை மேல் லட்சுமியின் பூக்கூடை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வியாபாரத்தை என் கடைக்குள் மாற்றிக்கொண்டாள். "ஒத்தக் கண்ணுன்னா இன்னா, உன் பொட்டிய பாக்க அது போதும்" என்றாள். அதையும் எழுதி வைத்தேன்.

வாடிக்கைக்காரர்கள் நச்சரித்தார்கள். ஒரு அம்மா ஆதார் காப்பியைத் தூக்கிக் காட்டினாள். "இன்னாக்கா இது, எம் பொண்ணு கன்னத்துல கோடு கீது. யாரோ வெட்டுன மாதிரி. கண்ணாடிய மாத்தேன்."

"மாத்த மாட்டேன். வேற கடைக்குப் போ."

அவள் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனாள். தெருவில் பாதிப் பேருடைய ஆதாரில் அந்தக் கோடு இருக்கிறது. எனக்கு அதில் ஒரு திருப்தி. எல்லோர் வீட்டு பீரோவிலும் என் சாட்சி.

ஆனால் ஆள் குறைந்தது. நாற்பத்தொரு பேரில் ஒருவர் செத்துவிட்டார். இருபத்தொன்பது பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா, என் பேரை அடிச்சுடுங்க. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் திட்டறாரு. சிறுசேரியில வேலை, ராத்திரிதான் வரேன், வழியில ஏதாவது ஆனா. நான் யாரையும் திட்டவில்லை. ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன். பதினோரு பெயர் மிச்சம்.

அப்புறம் பம்மலில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். போதைப்பொருளை எப்படி ஒழிப்பது, சட்டத்தை மாற்ற வேண்டுமா என்று பொதுமக்கள் கருத்து கேட்டார்கள். மேடையில் ஒரு அதிகாரி, ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற ஒரு மனநல டாக்டர். பின்னால் ஏதோ கல்யாணத்தின் தெர்மோகோல் மயில் இன்னும் இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இவர்களை எல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும் என்றார். மண்டபம் கை தட்டியது. கடைசியாக நிறுத்தியது நான். உள்ளங்கை சிவந்துவிட்டது.

டாக்டர் மைக்கை வாங்கினார். பழக்கத்துக்கு அடிமையானவன் நோயாளி, அவனை முதல் தடவையே ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். வலி மாத்திரை ஒவ்வொரு அட்டையும் எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கடைக்குப் போனது என்று கணினியில் தெரிய வேண்டும் என்றார். மனு கொடுப்பவர் பெயரை ரகசியமாக வைக்கச் சட்டம் வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குப் பிடித்தது. மற்றதெல்லாம் எரிந்தது. அவனுக்கு வைத்தியமா? எங்கள் தணிகாசலம் அண்ணனுக்கு யார் வைத்தியம் பார்த்தது?

எழுந்து கேட்டுவிட்டேன். டாக்டர் பொறுமையாக என்னைப் பார்த்தார்.

"உங்க கோபம் நியாயம்மா. ஆனா கோபம் கொள்கை ஆகாது."

"கோபம் இல்லன்னா கொள்கை ஃபைல்லயே கெடக்கும் சார்."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போது என் பக்கத்திலிருந்து லட்சுமி எழுந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். 

"சார் சொல்றது கரெக்டு" என்றாள். "எம் வூட்டுக்காரனும் அத்தத்தான் ஏத்திகினு கீறான். மூட்ட தூக்கி முதுகு போச்சு. வலிக்குதுன்னு ஆரம்பிச்சான். ஜெயில்ல போட்டா, அவனுங்களோட சேந்து அவனுங்க ஆளா வெளிய வருவான். அப்ப அவன் கையில கத்தி இருக்கும். எனக்கு இன்னொரு கண்ணுதான் மிச்சம்."

உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை.  தன் புருஷன் தயாளன் ஊசி போடுகிறான் என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. ஷெட்டைப் பற்றி மனு எழுதியபோது, வண்டி வரும் நேரம் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதும் இல்லை. தன் புருஷன் வாங்கப் போகிற நேரத்தைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். அனகாபுத்தூர் வளைவில் அவள் கேட்டாள். "இன்னா, எம் புருசனையும் சுடணுமா?"

பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. கோபம் குறையவில்லை. அதைப் பிரித்துக்கொண்டேன். தின்றவனுக்கு மருந்து கொடுங்கள். விற்றவனை என்னிடம் கொடுங்கள். எங்கள் பக்கத்து மொழியில் வாங்க வருகிறவனைக் கிராக்கி என்போம். தயாளன் அவர்களுக்கு ஒரு கிராக்கி. அவனை எழுப்பி உட்கார வைத்தால் அவர்களுக்கு ஒரு கிராக்கி போச்சு. தெருவிலிருந்து ஒவ்வொரு கிராக்கியாகப் பிடுங்கினால் அந்த ஷெட் பட்டினி கிடந்து சாகும். டாக்டர் அதைக் கொள்கை என்கிறார். நான் பழி என்கிறேன். வேலை ஒன்றுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் தயாளனைச் சேர்த்தோம். வந்தான். மறுபடி விழுந்தான். மறுபடி சேர்த்தோம். சேர்க்கைத் தாளுக்கு நான்தான் காப்பி எடுத்தேன். படித்துவிட்டு எடுத்தேன்.

மனுவையும் புதிதாக அடித்தேன். இந்த முறை பட்டியல் இல்லை. தாளின் நடுவே மனு. சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்து. தட்டை வைத்து நானே வட்டம் போட்டேன். முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று எவனாலும் சொல்ல முடியாது. டிக் போட ஆரம்பிக்க ஒரு இடம் கிடையாது. பதினோரு பேரில் ஆரம்பித்தது. தயாளனும் போட்டான். அவன் கையெழுத்து வட்டத்தைத் தாண்டிப் போனது. பரவாயில்லை, வட்டம் அவ்வளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கேல் வைத்து அடிக்கச் சொன்னவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். தலை குனிந்துகொண்டு பேனா கேட்டார்கள். கொடுத்தேன்.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. பதினேழு வாய்தா. வாய்தா நாளில் நான் சாப்பிடுவதில்லை. பல்லாவரத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போவோம். நானும் கலாவும். அவள் கடையைத் திறந்துவிட்டாள். பார்மசிஸ்ட் வைத்திருக்கிறாள். சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை.

என் சாட்சி நாளன்று மெஷினைக் கேட்டார்கள். குட்டியானை வண்டியில் ஏற்றினோம். அடியில் இரண்டு மெத்தை. லட்சுமி மூடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவரைத் திட்டினாள். அவன் அக்கா, அக்கா என்று கெஞ்சினான். வண்டலூர் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை.

கோர்ட்டில் பிளக் பாயிண்ட் தேட அரை மணி நேரம். அப்புறம் வெறும் தாளை வைத்து எடுக்கச் சொன்னார்கள். பதினொன்று பத்து. அதே மணி. பச்சைப் பொத்தான். க்ரிச். ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளில் அந்தக் கோடு மட்டும் வந்தது. சாய்ந்து, அடியில் வளைந்து. நீதிபதி அதையும் பிளாஸ்டிக் உறைத் தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"இந்தப் பட்டியலைக் காப்பி எடுத்துக் கொடுத்தது யாரு?"

"நான் சார்."

"படிக்காமயா?"

"படிக்காமதான்."

"அப்ப இந்தச் சாவுல உங்களுக்கும் பங்கு இருக்கு. ஒத்துக்கறீங்களா?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நீதிபதி சொன்னார். நான் சொன்னேன்.

"இருக்கு சார். என் பங்க நான் தெனம் அனுபவிக்கிறேன். அவங்க பங்க அவங்களுக்குக் குடுங்க."

வெளியே வராந்தா. போலீஸ்காரர் இருவருக்கு நடுவே அவன் வந்தான். அதே இஸ்திரிச் சட்டை. என்னைப் பார்த்ததும் நின்றான். உதடு கோணிக்கொண்டு சிரித்தான்.

"சாப்ட்டியாக்கா?"

கலா என் கையைப் பிடித்தாள். சந்துக்குள் நான் அவளைப் பிடித்த அதே பிடி.

"இல்லடா. நீ மொத்தமா உள்ள போற அன்னிக்கு சாப்பிடறேன்."

சிரிப்பு போனது. அதை நான் பார்த்தேன். இரண்டு வருடம் அந்தக் கண்ணாடியைக் காத்ததற்கு அது எனக்குக் கூலி.

தீர்ப்பன்று ஆறு பேருக்கும் ஆயுள். கீழே கேன்டீனில் சாம்பார் சாதம் வாங்கினோம். கலா ஒரு வாய் வைத்தாள். உப்பு இல்லை என்றாள். இரண்டு பேரும் முழுக்கச் சாப்பிட்டோம்.

மாத்திரை நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். ஷெட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். எங்கள் தெருவில் கத்தி இல்லை. ஊசி குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. சட்டத்தை மாற்றுவது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். வட்டத்தோடு நாங்களும் போய் உட்காருகிறோம்.

போனதை எழுதுகிறேன். யாரும் மறக்கக் கூடாது.

தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. வாசலில் ஜோடியாக வைத்த செருப்பு, இன்னும் கலாவிடம் இருக்கிறது.

லட்சுமியின் வலது கண்.

என் இடது காது.

கலாவின் ஒரு டஜன் கண்ணாடி வளையல். அவள் மறுபடி போடவில்லை.

தயாளனின் நாலு வருடம். அவன் தேறிவிட்டான் என்று எழுத இன்னும் பயமாக இருக்கிறது.

பட்டியலில் அடித்த இருபத்தொன்பது பெயர். வட்டத்துக்குத் திரும்பியவை பதினான்கு. வராதவை பதினைந்து.

பாதி ஷட்டர் வழக்கம். இப்போது சாவு போனால் எங்கள் தெருவில் முழுக்க மூடிவிடுகிறார்கள். யாரும் வெளியே வந்து நிற்பதில்லை.

செல்வி படிக்க மாட்டாள் என்று பம்மல் வரைக்கும் இருந்த பெயர்.

போகாதது ஒன்று. கண்ணாடி. கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மாற்றவில்லை. ஏனென்றால் கணக்கு முடியவில்லை. ஷெட்டுக்குப் பெட்டி அனுப்பியவன் ஒருவன் இருக்கிறான். அவனை யாரும் பிடிக்கவில்லை. பெயர் தெரியாது. முகம் தெரியாது. ஆனால் இந்த ஊரில் எந்தப் பெரிய மனிதனுக்கும் என்றாவது ஒரு நாள் ஏதாவது ஒரு தாளுக்குக் காப்பி வேண்டியிருக்கும்.

வரட்டும். மூடியைத் தூக்கட்டும். தாளை வைக்கட்டும்.

நான் இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன்.